தப்பான குறியாக்கப் பெயரும் பைத்தானும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

ஒன்பது ஆண்டுகளாகப் பைத்தான் என்ற நிரல்மொழியில்தான் என் பிழைப்பு. கோப்புகளைப் படித்து, எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையை, மாற்றி எழுதும் வேலையே அதில் பெரும்பகுதி. மொழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் குறியாக்கத்தின் பெயர் தப்பாகிவிட்டால் அது நடந்துகொள்ளும் விதம் இன்றுவரை உறுத்துகிறது.

'யுடிஎஃப்-8' என்ற குறியாக்கப் பெயர் 'யுடிஎஃப்-88' ஆகிவிட்டது என்று வையுங்கள். காலிச் சரத்தை (ஓர் எழுத்தும் இல்லாத உரையை) அந்தப் பெயரில் என்கோட் செய்தால், அதாவது பைட்டுகளாக மாற்றினால், அப்படியொரு பெயர் இல்லை என்று உடனே 'லுக்அப் எரர்' வருகிறது. அதுதான் நியாயம். அதே பெயரில் காலியான பைட்டுகளை டீகோட் செய்து, அதாவது திரும்ப உரையாக்கி, பாருங்கள்: மறுபேச்சில்லாமல் காலிச் சரம் திரும்பி வரும். வேகம் கருதிப் பெயரையே அது பார்ப்பதில்லை. நான் சோதித்த கோப்பு காலியாக இருந்ததால், அமைப்புக் கோப்பில் கிடந்த இந்தத் தட்டச்சுப் பிழை இரண்டு வாரம் என் கண்ணில் படவில்லை. உண்மையான தரவு வந்த இரவில்தான் நிரல் விழுந்தது.

பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் இரண்டாவது பெயரிலும் இதே கதைதான். கெட்ட பைட்டைத் தவிர்க்கச் சொல்லும் 'இக்னோர்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும், முதல் கெட்ட பைட் வரும்வரை எல்லாம் ஓடும். வந்ததும் 'அப்படியொரு பிழை கையாளி இல்லை' என்று மட்டும் சொல்லும். கெட்ட பைட் எங்கே இருக்கிறது என்ற தகவல், நமக்கு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், கிடைக்காது.

எனக்கு வலித்தது வேறொன்று. 'ஓப்பன்' கட்டளையில் எழுதும் முறையைக் கொடுத்து, தப்பான குறியாக்கப் பெயரையும் கொடுத்தேன். பிழை சரியாகவே வந்தது. ஆனால் அதற்குள் கோப்பு திறக்கப்பட்டு, பழைய உள்ளடக்கம் முழுவதும் அழிந்து, அளவு 0 பைட் என்று நின்றது. பெயரைச் சரிபார்ப்பது கோப்பைத் திறந்த பிறகுதான் நடக்கிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மற்ற மொழிகளும் ஒழுங்கில்லை. ஜாவாவில் பெயரைச் சரமாகக் கொடுத்தால் ஒரு வகைப் பிழை, குறியாக்கங்களுக்கான 'சார்செட்' வகுப்பு வழியாகத் தேடினால் வேறு வகை. ரூபியில் கோப்பைத் திறக்கும்போது தெரியாத பெயர் வந்தால் வெறும் எச்சரிக்கையோடு போய்விடுகிறது.

பைத்தான் 3.9 முதல், கூடுதல் சோதனைகளைச் செய்யும் மேம்பாட்டு முறையில் ஓட்டினால், குறியாக்கம், பிழை கையாளி ஆகிய இரண்டு பெயர்களும் முன்கூட்டியே சோதிக்கப்படுகின்றன. என் சோதனைகளை இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். அதோடு, அமைப்புக் கோப்பைப் படித்த அடுத்த வரியிலேயே, எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன், அதிலுள்ள பெயரைக் கொண்டு ஒரு காலிச் சரத்தை என்கோட் செய்துவிடுகிறேன். பெயரைத் தேடிப் பார்க்கும் 'கோடெக்ஸ் லுக்அப்' மட்டும் போதாது; 'ராட்13' போன்ற, உரைக் குறியாக்கமே அல்லாத பெயர்களையும் அது ஏற்றுக்கொள்ளும். பெயருக்குள் சுழிய எழுத்து (மதிப்பு 0 உள்ள, கண்ணுக்குத் தெரியாத எழுத்து) புகுந்திருந்தால் வருவது 'வேல்யூ எரர்' என்பதால், அதையும் 'லுக்அப் எரர்' பிழையையும் அந்த ஒரே இடத்தில் பிடிக்கிறேன்.