பவர் பிரஸ்ஸுக்கு எந்தக் காப்பு: லைட் கர்ட்டனா, இருகைப் பொத்தானா, நிலைத் தடுப்பா?

வாகன உதிரிபாகத் தொழிலில் தொழிலாளர்களின் விரல்களைப் பறிக்கும் இயந்திரங்களில் முதலிடம், உலோகத் தகட்டை டை எனும் அச்சில் வைத்து அடித்து வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ்ஸுக்கே என்பதை, ஹரியாணாவின் குருகிராம், மானேசர் வட்டாரத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21ஆம் பிரிவில் வலியுறுத்தியது. எந்தத் தடுப்பு என்பதில்தான் குழப்பம். அந்தக் கேள்விக்கு முன்பாக, பிரஸ்ஸில் இருப்பது என்ன கிளட்ச் (சுழலும் சக்கரத்தை, இறங்கி அடிக்கும் ராமுடன் இணைக்கும் பாகம்) என்று பார்த்தாக வேண்டும்.

சிறு பட்டறைகளில் இன்றும் ஓடும் பழைய பிரஸ்களில் பெரும்பாலும் முளை (பின்) ஒன்று மாட்டி இயக்கும் பின் கிளட்ச்தான் உண்டு. பெடலை மிதித்து அந்த முளை விழுந்துவிட்டால், ராம் இறங்கி ஏறி ஒரு சுற்று முடியும்வரை அதை நிறுத்த வழியில்லை. காற்றழுத்த உராய்வு கிளட்ச் உள்ள பிரஸ்ஸையோ பாதி வழியில் நிறுத்தலாம்.

டையின் முன்னே ஒளிக்கதிர்களால் திரை போடும் லைட் கர்ட்டன் இந்த இரண்டாம் வகைக்கு மட்டுமே உரியது. கை உள்ளே நுழைந்ததை அது உணர்ந்து சொல்லும். நிறுத்த வேண்டியது பிரஸ்ஸின் பிரேக். நிறுத்த 0.2 வினாடி பிடிக்கும் பிரஸ்ஸில், கையின் வேகத்தை நொடிக்கு 2 மீட்டர் எனக் கொண்டால், கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து அது 0.3 வினாடி ஆனால் 600 மி.மீ. தேவைப்படும். ஆகவே நிறுத்த நேரத்தை அவ்வப்போது அளக்காத ஆலையில் கர்ட்டனை நம்ப முடியாது. பின் கிளட்ச் பிரஸ்ஸில் பொருத்திய கர்ட்டனோ தணிக்கைக்கு வருபவர் கண்ணுக்கு மட்டுமே காப்பு.

இரு கைகளாலும் அழுத்தினால்தான் ராமை இறக்கும் இருகைப் பொத்தான் மலிவானது, ஆனால் பொத்தானை அழுத்துபவரை மட்டுமே காக்கும். பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் கையை அது அறியாது. உற்பத்தி இலக்கு நெருக்கும்போது ஒரு பொத்தானில் ஆப்பு செருகிவிடுவதும் உண்டு என்பதால், இரண்டையும் அரை வினாடிக்குள் அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் விட்டு அழுத்தினால்தான் இயங்கும் மின்சுற்று தேவை. பின் கிளட்ச்சில் இன்னொரு சிக்கல்: நிமிடத்துக்கு 60 முறை அடிக்கும், ஒரு சுழற்சியில் ஒரே இடத்தில் மட்டும் முளை மாட்டும் பிரஸ்ஸில் டை மூட ஒன்றரை வினாடி வரை ஆகலாம். பொத்தானை விட்ட கை அதற்குள் டையை எட்டிவிடாதிருக்க, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிக் கணக்குப்படி, பொத்தான்கள் டையிலிருந்து ஏறத்தாழ 2.4 மீட்டர், அதாவது எட்டு அடி, தள்ளி இருக்க வேண்டும். அத்தனை தூரத்தில் நின்று யார் பீஸ் போடுவார்கள்?

நிலைத் தடுப்பு இவற்றில் பழையது, கிளட்ச் எதுவானாலும் பொருந்துவது. டையைச் சுற்றி அடைத்து, தகடு நுழையும் அளவுக்கு மட்டும் இடுக்கு விட்டால், விரல் உள்ளே போகவே வழியில்லை. சுருளிலிருந்து தகடு ஊட்டி வடிவமாக வெட்டியெடுக்கும் பிளாங்கிங் வேலைக்கு என் முதல் தேர்வு இதுவே. கையால் ஒவ்வொன்றாக வைக்கும் வளைப்பு, இழுப்பு வேலைகளில் இது அப்படியே பயன்படாது. அங்கே டையை வெளியே இழுத்துப் பீஸ் வைத்துத் தள்ளும் சறுக்குத் தட்டையோ, மூடினாலன்றி முளையை விழ விடாத கதவையோ சேர்க்க வேண்டும். கைக்குப் பதிலாகப் பீஸைப் பிடிக்கும் காந்தக் குறடு கூடுதல் துணை மட்டுமே.

பின் கிளட்ச்சை உராய்வு கிளட்ச்சாக மாற்றும் செலவுக்கு முதலாளி தயாரென்றால், பிறகு கர்ட்டன் வாங்கலாம். மாற்றாமல் கர்ட்டன் மட்டும் வாங்குவதைவிட அதே பணத்தில் நல்ல தடுப்புகளும் சறுக்குத் தட்டும் செய்துகொள்வதே மேல்.