முதல் ‘டக்’கோடு நிறுத்துவதா, மட்டமாக்குவதா?

மட்டக்களப்பில் எந்தப் பெற்றோல் செட்டுக்குள் காரை விட்டாலும் முதலில் வருவது “எவ்வளவுக்கு அண்ணன்?” என்ற கேள்விதான். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அது “எவ்வளவுக்கு நானா?” என்று வரும்; முஸ்லிம் ஊர்களில் அண்ணனுக்கு ‘நானா’. இதற்கு நாம் சொல்லும் பதில் மூன்று வகை: புல் டாங்க், இத்தனை ரூபாய்க்கு, இத்தனை லீற்றர். பெற்றோல் காரின் பக்கவாட்டில் வழியுமா வழியாதா என்பது பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. இங்கே பெற்றோல் அடிக்கும் குழாயின் முனையை, அதாவது நொசிலை, பிடிப்பது நாமல்ல, செட்டில் நிற்கிற தம்பி. ஆகவே என்ன சொல்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

புல் டாங்கில் வசதி அதிகம், வழிகிற வாய்ப்பும் அதிகம். ஆனால் குற்றம் நொசிலில் இல்லை. அதன் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெற்றோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்கும். டாங்கியில் மட்டம் ஏறி, பெற்றோல் துளையை மூடியதும் காற்று தடைப்படும். உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டு, ‘டக்’ என்று விசை விழுந்துவிடும். மின்சாரம், கணினி எதுவும் வேண்டாத ஏற்பாடு. நொசிலை ஆழமாக, நேராக வைத்தால் இது நன்றாகவே வேலை செய்யும். பாதி மட்டும் நுழைத்து வாயோரம் பிடித்தால் ‘டக்’ விழுவதற்குள் பெற்றோல் வாய்க்கு வந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மீட்டரில் 5,860 ரூபாய் நிற்கிறது. “ஆறாயிரமாக்கட்டா?” என்று தம்பி கேட்கிறார். மிச்சக் காசு தேடும் தொல்லை அவருக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். சரி என்று தலையாட்டுகிறோம். விசையை மெல்ல மெல்ல அழுத்தி மட்டமாக்கும் அந்தக் கடைசி அரை லீற்றர்தான் பெரும்பாலும் பெயின்ற்றில் வழிகிறது.

வழியாவிட்டாலும் நல்லதல்ல. முதல் ‘டக்’குக்கு மேலே டாங்கியில் கொஞ்சம் வெற்றிடம் விடப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெற்றோலை 27 லீற்றர் பிடிக்கிற ஒரு வாகன் ஆர் காரில் விளிம்பு வரை நிரப்பி, சூடான கச்சான் காற்றடிக்கும் மதியத்தில் வெயிலில் நிறுத்தினால், கால் லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல் வெளியே போக இடம் தேடும். இப்போதைய கார்களில் பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது. அது ஆவிக்கு மட்டும்தான். திரவம் அதற்குள் போனால் கரி நனைந்து பழுதாகும், டாஷ்போர்ட்டில் எஞ்சின் விளக்கு எரியும். 140 ரூபாயை மட்டமாக்கப் போய் கராஜில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற வியாபாரம் இது.

ரூபாய்க் கணக்கும் லீற்றர் கணக்கும் சிந்துகிற விஷயத்தில் ஒன்றுதான். முன்கூட்டியே எண்ணை அழுத்திவிட்டால் பம்ப் அந்த எண்ணில் தானே நிற்கும், மட்டமாக்குகிற பேச்சுக்கே இடமில்லை. டாங்கியில் அந்த அளவுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. ஊருக்குள் ஓடுபவர்களுக்கு என் வாக்கு ரூபாய்க் கணக்குக்கே. செங்கலடியால் ஏறி பதுளைப் பக்கம் தூரப் பயணம் போவதென்றால் புல் டாங்க் அடியுங்கள், ஆனால் “டக் என்றதும் விடுங்க தம்பி, மட்டமாக்க வேண்டாம்” என்று முதலே சொல்லிவிடுங்கள். அடித்து முடிந்ததும் நொசிலை உடனே உருவாமல் சில விநாடி வாய்க்குள்ளேயே விட்டால் குழாயில் நிற்கிற சொச்சமும் டாங்கிக்குள் விழும்.

டீசலுக்கு மட்டும் சின்ன விலக்கு. டொல்பின் வான்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். டீசல் நுரைக்கும், நுரை நொசிலின் துளையை மூடி டாங்கி நிறையுமுன்னே ‘டக்’ விழும். நுரை அடங்கவிட்டு மெதுவாக இன்னொரு தடவை அடிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சிந்திய பெற்றோல் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் தரையிலேயே கிடந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைச் சறுக்கிவிடும்.

இனி பெற்றோல் கான். 2022 எரிபொருள் நெருக்கடியில் பலர் வீட்டில் பெற்றோல் சேர்த்து வைக்கப் பழகினார்கள். கியூஆர் பங்கீட்டு முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கியபோது, ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலையும் நடந்தது. அம்பாறைப் பக்கம் வயலில் தண்ணீர்ப் பம்பும் லேண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரமும் வைத்திருப்பவர்களுக்குக் கான் என்றைக்கும் தேவை. இங்கே தானாக நிற்கிற விசை கிடையாது, எல்லாம் கையும் கண்ணும்தான். புனல் மலிவு, ஆனால் ஒரு கையால் புனல், மறு கையால் 20 லீற்றர்க் கான் என்றால் ஒன்று சரியும். இன்றைய கார்களில் வாய்க்குள் ஒரு மடல் இருக்கும்; குட்டைப் புனல் அதைத் தள்ளித் திறக்காது, ஊற்றியதெல்லாம் வெளியேதான் வரும். குழாய் விட்டு வாயால் உறிஞ்சுவது இவற்றில் மோசமானது. ஒரு மிடறு நுரையீரலுக்குப் போனாலே ஆஸ்பத்திரிதான், அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. நடுவில் குமிழ் வைத்த கைப்பம்புக் குழாய்க்கு என் முழு ஆதரவு. கானை உயரத்தில் வைத்துக் குமிழைச் சில தடவை அமுக்கினால் ஓட்டம் தொடங்கும், கானைத் தாழ இறக்கினால் நிற்கும்.

கானில் அடிக்கும்போது அதை டிக்கிக்குள் வைத்தபடி அடிக்காமல் தரையில் இறக்கி வைத்தே அடிக்க வேண்டும், மின்னேற்றம் சேராமல் இருக்க. விளிம்பு வரை நிரப்பவும் கூடாது.

அப்படியும் சிந்திவிட்டால் தண்ணீரா, மணலா? நம்மவர்கள் பலருக்கு முதலில் கை போவது தண்ணீர் வாளிக்கு. பெற்றோல் தண்ணீரில் மிதந்து இன்னும் பரவும், வடிகானோடு ஓடி, புளியந்தீவு போன்ற இடத்தில் வாவிக்கே போய்ச் சேரும். செட்டில் தொங்குகிற சிவப்பு வாளி மணலைக் கேளுங்கள். காரில் பட்டதை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வாடை அடங்கும் வரை ஸ்டார்ட் பண்ணாமல் வண்டியைத் தள்ளி ஓரமாக்குங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவர் அடித்துக்கொண்டிருக்கட்டும்.