பெயர்ந்த எபாக்சியை எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார்

ஒர்க்‌ஷாப், குடோன், பேக்கிங் யூனிட் என்று எதற்காவது எபாக்சி தரை (கான்கிரீட் மேல் பூசி இறுக வைக்கும் ரெசின் பூச்சு) போட்டு அது பெயர்ந்து கிடக்கிறதா? "பழசை எடுத்துட்டுப் புதுசா அடிச்சுத் தர்றோம்" என்று எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கொட்டேஷன் தருபவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். எங்களுக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன். கான்ட்ராக்டர் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்களுடையது கோவைப் பக்கம் ஒரு சி.என்.சி ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்களில் பம்ப் ஷாஃப்ட் கடைகிறோம். தரை 3,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். எங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் போட்ட பச்சை எபாக்சி நடைபாதைகளில் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது, மெஷின்களைச் சுற்றிக் கொப்புளம். ஒரு கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருவதாக இருந்ததால் எங்களுக்கு அவசரம். முதல் போனிலேயே அந்தக் கான்ட்ராக்டர் அதை மோப்பம் பிடித்திருப்பார்.

நேரில் வந்தார். பூட்ஸ் முனையால் ஒரு செதிலைத் தட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க சார். ஷாட் பிளாஸ்ட் அடிச்சு சுத்தமா எடுத்துட்டு நம்ம மெட்டீரியல் போட்டுட்டா அஞ்சு வருஷம் வாரண்டி தர்றேனுங்க" என்றார். ஷாட் பிளாஸ்ட் என்றால் சின்ன இரும்புக் குண்டுகளை மெஷினால் வேகமாக அடித்துத் தரையின் மேல்பரப்பைச் சுத்தமாக எடுப்பது. எடுப்பது, பூசுவது எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 58 ரூபாய். வேறு இரண்டு பேர் பழையதை எடுப்பதற்கு மட்டுமே 25, 30 என்று கேட்டிருந்தார்கள். அவர் கொடுத்த கொட்டேஷனில் அந்த வேலைக்கு ஒரே ஒரு வரிதான்: சர்ஃபேஸ் பிரிபரேஷன். என்ன மெஷின், எவ்வளவு ஆழம், எப்போது முடிந்ததாகக் கணக்கு என்று ஒரு வார்த்தையும் கிடையாது.

எபாக்சி பெயர்வதற்குப் பெரும்பாலும் மேலே பூசிய பொருள் காரணமாக இருப்பதில்லை. அடியில் இருப்பதுதான் காரணம். கான்கிரீட் போடும்போது மேலே வந்து படியும் சிமெண்ட் பாலைத் தேய்த்து எடுக்காமல் விட்டிருப்பார்கள், எண்ணெய் ஊறியிருக்கும், அல்லது மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் பழையதை எடுப்பதுதான் இதில் உண்மையான வேலை, செலவும் அதில்தான். ரேட்டைக் குறைத்து வருபவர் லாபம் பார்ப்பதும் அங்கேதான். பூசி முடித்த பிறகு அடியில் என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாதே.

வேலை தொடங்கிய அன்று ஒரு டாடா ஏஸில் வந்து இறங்கியவை: நான்கு அங்குலக் கை கிரைண்டர்கள், சுரண்டும் பிளேடுகள், வெள்ளை கேன்களில் ஆசிட். ஷாட் பிளாஸ்ட் மெஷின் எங்கே என்று கேட்டேன். "வேற சைட்ல மாட்டிக்கிச்சுங்க சார், நாளைக்கு வந்துரும்." அது கடைசி வரை வரவில்லை.

கை கிரைண்டர் மூலைகளுக்குச் சரி. மொத்தத் தரைக்கும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாதாரண டைமண்ட் கப் (டைமண்ட் துகள் பதித்த தேய்க்கும் சக்கரம்) வேகமாகச் சுற்றும்போது சூடு ஏறும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பலவும் 50, 60 டிகிரியைத் தொட்டாலே இளகத் தொடங்கும். இளகியது டைமண்ட் பல்லில் அப்பிக்கொள்ளும், அதன்பிறகு அது அறுக்காது, வழவழவென்று இழுத்துக்கொண்டே போகும். இந்த வேலைக்கென்றே பி.சி.டி என்று ஒரு செக்மென்ட் இருக்கிறது. டைமண்ட் துகள்களை அழுத்தி ஒரே கட்டியாக்கிய கூர் முனை அது. தேய்ப்பதற்குப் பதிலாக கோட்டிங்கைச் சீவி எடுக்கும். பையன்களிடம் அது இல்லை. மத்தியானத்துக்குள் சலித்துப்போய், கிளம்பியிருந்த இடங்களை மட்டும் சுரண்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: "ஒட்டியிருக்கிறது நல்லாத்தானுங்க ஒட்டியிருக்கு, அதை ஏன் தொந்தரவு பண்ணோணும்?"

தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேக்குவம் கிடையாது. ஒரு பெடஸ்டல் ஃபேனை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்ததுதான் ஏற்பாடு. கான்கிரீட்டைத் தேய்த்தால் பறப்பது சிலிக்கா. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நுரையீரலில் வரும் சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. நம் நாட்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். எங்கள் ஷெட்டில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. பையன்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த மாஸ்க்கைப் போட்டவர்களை "மூச்சு முட்டலையாடா?" என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். இவ்வளவும் போதாதென்று அந்தத் தூசி சி.என்.சி மெஷின்களின் ஸ்லைடுகளில் எண்ணெயோடு குழைந்து உட்கார்ந்தது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடித் தருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள்தான் மூடினோம், அதுவும் பாதி வேலை நடந்த பிறகு.

அடுத்தது ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இறுகிய எபாக்சியை ஒன்றும் செய்யாது. பச்சை மேல் ஊற்றியது அப்படியே தேங்கி நின்றது, பக்கத்தில் கான்கிரீட் தெரிந்த இடங்களில் மட்டும் புஸ்ஸென்று நுரைத்தது. மேஸ்திரி அந்த நுரையைக் காட்டி, "பாருங்க, எப்படி வேலை செய்யுதுன்னு" என்றார். அது தின்றுகொண்டிருந்தது சிமெண்டை. விளிம்புக்கு அடியில் இறங்கிய ஆசிட், உப்பாக அங்கேயே தங்கும். அதைச் சரியாக முறித்துக் கழுவ வேண்டும், கழுவினால் தரை காய நாள் ஆகும். இரண்டும் நடக்கவில்லை.

மறுநாள் காலை ரேக்கில் இருந்த ஃபினிஷ் ஷாஃப்ட்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பழுப்பு படர்ந்திருந்தது. ஆசிட் ஆவி ராத்திரி முழுக்க மூடிய ஷெட்டுக்குள் சுற்றியிருக்கிறது. கிரைண்டிங் முடித்து எண்ணெய் துடைத்து வைத்த சரக்கு. பேரிங் உட்காரும் இடங்களில் புள்ளி புள்ளியாகத் துரு. பாலிஷ் போட்டால் அளவு போய்விடும், போடாவிட்டால் ரிஜெக்ட். அந்த லாட்டின் நஷ்டம் மட்டும் அவருக்குக் கொடுத்த அட்வான்ஸைத் தாண்டியது. "இரும்புன்னா துரு புடிக்கத்தானுங்க செய்யும்" என்று அவர் சொன்னதை என் பார்ட்னர் இன்னமும் சொல்லிக்காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இல்லாத நேரத்தில் புட்டி வைத்துப் பிரைமரும் அடித்துவிட்டார்கள். பிரைமருக்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவதாகப் பேச்சு. திங்கள் காலை வரும்போது சாம்பல் நிறத்தில் எல்லாம் மூடியிருந்தது. மேல் கோட்டும் அடித்தார்கள். ஆடிட் வந்தவர்களுக்குத் தரை கண்ணாடி போலத்தான் தெரிந்தது.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஹேண்ட் பேலட் டிரக் திரும்பும் இடத்தில் முதல் துண்டு பெயர்ந்தது. உள்ளங்கை அளவு. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேலே புதுச் சாம்பல், அதன் கீழே வெள்ளைப் புட்டி, அதற்கும் கீழே முழுசாக அதே பழைய பச்சை, பச்சையின் அடியில் விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் சிமெண்ட் பால். சதுர அடிக்கு 58 ரூபாய் கொடுத்து வாங்கியது அந்தப் பச்சைக்கு ஒரு மூடி.

போன் செய்தால், "தரையில ஈரம் ஏறுதுங்க சார், வாரண்டில அது வராதுங்க" என்றார். வாரண்டித் தாளில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் ஈரம் ஏறுகிறதா என்று அவர் எப்போதாவது சோதித்தாரா? அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் ஷீட்டை வெறும் கான்கிரீட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட்டில் கருமையோ இருந்தால் ஈரம். ஏ.எஸ்.டி.எம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரநிலைகளில் டி 4263 என்று இருப்பது இதுதான். காய்ந்திருந்தால் முழு நிம்மதி என்று அர்த்தமில்லை, கான்கிரீட்டுக்குள் துளை போட்டு ஈரப்பதம் அளக்கும் கருவிதான் நம்பகமானது. இருந்தாலும் பெயர்ந்த நடைபாதையில் பல இடங்களில் நாங்கள் ஒட்டிய ஷீட் ஒன்றில்கூட ஈரம் இல்லை. மெஷின்களைச் சுற்றிக் கதை வேறு. அங்கே தண்ணீர் தெளித்தால் உறிஞ்சாமல் முத்து முத்தாக உருண்டது. வருஷக்கணக்கில் கட்டிங் ஆயில் ஊறிய கான்கிரீட். அதன்மேல் எந்த எபாக்சி போட்டாலும் நிற்காது. படத்தோடு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

இடையில் இன்னொருவர் "பெயிண்ட் ரிமூவர் ஊத்தி ஊற வெச்சா அல்வா மாதிரி வந்துரும்" என்று வந்தார். கேனில் மெத்திலீன் குளோரைடு. எபாக்சியை இளக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய இடத்தில் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியலறைத் தொட்டிகளை உரிக்கப்போய் ஆட்கள் செத்த பிறகு, அமெரிக்காவில் பெயிண்ட் ரிமூவராக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-லும், பெரும்பாலான தொழில் பயன்பாட்டை 2024-லும் தடை செய்தார்கள். வாசலோடு அனுப்பிவிட்டோம்.

கடைசியில் எடுக்கும் வேலையை மட்டும் தனி டீமுக்குக் கொடுத்தோம். திரீ ஃபேஸில் ஓடும் கனத்த ஃப்ளோர் கிரைண்டர், பி.சி.டி செக்மென்ட், பின்னாலேயே நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போட்ட வேக்குவம். சத்தம் காதைப் பிளந்தது, தூசி கிட்டத்தட்ட இல்லை. பச்சை சுருள் சுருளாகவும் தூளாகவும் வந்தது. அதன்பின் டைமண்ட் மாற்றி, பி.சி.டி போட்ட கோடுகளைச் சமன் செய்தார்கள். முடிந்த தரையில் ஜல்லித் துகள் லேசாகத் தெரிந்தது, கை வைத்தால் நைஸ் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. எண்ணெய் ஊறிய இடங்களில் டிகிரீசர் போட்டுச் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவியும், ஒரு பழைய லேத்தின் காலடியில் மட்டும் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருந்தது. அந்த டீம்காரர், "இங்க என்ன பண்ணினாலும் நிக்காதுங்கண்ணா, வெட்டி எடுத்துப் புதுசா கான்கிரீட் போட்டுக்குங்க. 28 நாள் கழிச்சுக் கோட்டிங் பாத்துக்கலாம்" என்றார். தனக்கு வரும் வேலையை அவரே தள்ளிப்போட்டதால்தான் பூச்சு வேலையையும் அவருக்கே கொடுத்தோம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: நுகர்வோர் ஆணையம் என்று உடனே தோன்றும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். வீட்டு கார் பார்க்கிங்குக்கு எபாக்சி போட்டவருக்கு அந்த வழி திறந்திருக்கிறது, ஒர்க்‌ஷாப்காரருக்குச் பெரும்பாலும் சிவில் வழக்குதான். எங்கள் வக்கீல் முதலில் கேட்டது ஒர்க் ஆர்டரை. அதில் ஷாட் பிளாஸ்ட் என்ற சொல்லே இல்லை, வாயால் சொன்னதுதான். கையில் பிடித்து வைத்திருந்த கடைசித் தவணையைத் தருவதில்லை என்று நோட்டீஸ் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது எங்கள் ஒர்க் ஆர்டரில் எடுக்கும் வேலைக்குத் தனி ரேட், தனி பில். மெஷின், செக்மென்ட், வேக்குவம் எல்லாம் பெயர் சொல்லி எழுதுகிறோம். ஆசிட், சால்வென்ட் உள்ளே வரக் கூடாது. வெறும் கான்கிரீட்டை நாங்கள் பார்த்து, தண்ணீர் தெளித்து, சுத்தியலால் தட்டி, போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போடும் வரை பிரைமர் டின்னைத் திறக்கக் கூடாது. பூசிய பிறகு, பூச்சு எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, சில இடங்களில் இரும்பு வட்டை ஒட்டி இழுக்கும் புல் ஆஃப் டெஸ்ட். குறைந்தது 1.5 எம்.பி.ஏ (மெகாபாஸ்கல், இழுப்பின் அளவு) தாங்க வேண்டும், அதற்கு மேல் பிய்ந்தாலும் கோட்டிங்கோடு கான்கிரீட்டும் சேர்ந்து வர வேண்டும். இதைக் கேட்டதும் ரேட்டை ஏற்றியவர்கள் உண்டு, திரும்ப போனே எடுக்காதவர்களும் உண்டு.