சாயக்கழிவு நீருக்கு வெயிலும் நானோ துகளும்: மூன்றில் எது தேறும்?

திருப்பூர் சாயக்கழிவு நொய்யலை என்ன பாடு படுத்தியது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதனால்தான், நானோ துகளைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்லும்போது ஆவலோடு படிக்கிறேன். ஒளி பட்டதும் துகளின் மேல் உருவாகும் ஹைட்ராக்சில் போன்ற வீரியமான தனி உறுப்புகள்தான் (ஃப்ரீ ராடிக்கல்கள்) சாய மூலக்கூறை உடைக்கின்றன. ஆனால் எந்தத் துகள்? டைட்டானியம் டை ஆக்சைடா, துத்தநாக ஆக்சைடா, கார்பன் நைட்ரைடா?

டைட்டானியம் டை ஆக்சைடு பழைய கை. பெயின்ட்டுக்கு வெண்மை தருவதும் இதுதான். விலை குறைவு, தண்ணீரில் கரையாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளி மட்டுமே இதற்குப் பயன்படும். வெயிலில் அது ஐந்து சதவீதம் இருந்தாலே அதிகம்.

துத்தநாக ஆக்சைடுக்கும் அதே புற ஊதாதான் வேண்டும். ஆனாலும் ஆய்வகத்தில் பல சமயம் இது முந்திவிடும். காரணம் மின்சுமை. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் சுமை கொண்டவை. டைட்டானியத் துகளின் மேற்பரப்பு, தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 6-ஐத் தாண்டினாலே எதிர்மின்னாகி அவற்றைத் தள்ளிவிடும். துத்தநாகத் துகளோ பி.எச். 9 வரை நேர்மின்னாக இருந்து இழுத்துக்கொள்ளும். சரி, இதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், சாயத் தொட்டியில் சோடா ஆஷ் என்ற காரப்பொருள் சேர்ப்பதால் கழிவு அதைவிடக் காரமாகத்தான் வரும். அமிலம் ஊற்றிக் குறைக்கலாம்; கொஞ்சம் கூடிப்போனால் துகளே கரையும். போதாததற்கு ஒளியிலும் மெல்ல அரிபடும். கரைந்த துத்தநாகம் மீன்களுக்கு நஞ்சு. ஆற்றில் விடப்போகும் தண்ணீரில் இதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்பன் நைட்ரைடு புதுசு. மெலமைனையோ யூரியாவையோ சுமார் 550 டிகிரியில் சூடாக்கினால் கிடைக்கும் மஞ்சள் பொடி. உலோகமே கிடையாது, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் பிடிக்கும். ஆனால் ஒளி பட்டுப் பிரிந்த எலக்ட்ரான் சட்டென்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால், வெறும் பொடியாகப் போட்டால் வேகம் போதாது.

என் ஓட்டு டைட்டானியத்துக்கு. அதுவும் பொடியாக அல்ல. கண்ணாடியிலோ சிறு மணி உருண்டைகளிலோ பூசி. பூசினால் வேகம் குறையும்தான், ஆனால் பொடியாகக் கலந்துவிட்டால் அந்த நுண்துகளை வடிகட்டி மீட்கவே தனிச் செலவு ஆகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த மூன்றில் எதுவும் சாயக்கழிவில் இருக்கும் உப்பை எடுக்காது. நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. போதாக்குறைக்கு, அந்த உப்பிலுள்ள குளோரைடு தனி உறுப்புகளையும் விழுங்கிவிடும். ஆகவே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வை எடுத்துவிட்டு இதை வைக்க முடியாது. ஆர்.ஓ.வுக்கு முன்னால், நிறம் நீக்க குளோரினோ ஓசோனோ சேர்க்கும் கட்டத்தில் முயன்று பார்க்கலாம். அங்கேயும் நிறம் போனதை மட்டும் பார்க்காமல், மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். நிறமில்லாத உடைசல்கள் தண்ணீரிலேயே தங்கியிருக்கக்கூடும்.