மூன்றும் ஒரே பாட்டிலில்: கலப்பு உயிர்த்தீனி வாங்கலாமா?

மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்க்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் டாஃப்னியா, அதைவிடச் சின்ன மோய்னா, எல்லாவற்றிலும் சின்ன ரோட்டிஃபர். இந்த மூன்றையும் ஒரே பாட்டிலில் போட்டு, வளர்ப்பைத் தொடங்க 'ஸ்டார்ட்டர்' என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். வந்து சேரும்போது எல்லாம் உயிரோடுதான் இருக்கும். கோளாறு கலவையில்தான்.

மூன்றுமே பாசி மிதக்கும் பச்சைத் தண்ணீரை வடிகட்டி அதே பாசியைத் தின்பவை. முதலில் அடிவாங்குவது ரோட்டிஃபர். கால் மில்லிமீட்டர் அளவே உள்ள அதற்குத் தீனி கிடைக்காதது ஒரு பக்கம். டாஃப்னியா கால்களை அடித்து உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கி நசுங்குவது இன்னொரு பக்கம். நீந்தத் தொடங்கிய ஃபைட்டர் மீன் குஞ்சுக்கு அந்த ரோட்டிஃபர்தான் வேண்டும். அதற்காகவே வாங்குபவருக்கு அதுவே மிஞ்சாது.

மற்ற இரண்டில் எது நிலைக்கும் என்பதை வெயில் தீர்மானிக்கும். மீன் இல்லாத நீரில் பெரிய இனம் சின்னதை ஒழித்துவிடும் என்று ப்ரூக்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் எழுதினார்கள். சென்னை மொட்டை மாடித் தொட்டியில் அந்தக் கணக்கு தப்பும். ஐந்து மில்லிமீட்டர் வரை வளரும் டாஃப்னியா மேக்னா என்ற பெரிய டாஃப்னியா இனத்துக்கு 20 டிகிரி சுகம். 30ஐத் தாண்டினால் திணறும். மோய்னாவோ அந்தச் சூட்டிலும் நாலைந்து நாளில் பருவத்துக்கு வந்து குட்டி போடும். ஏசி அறையில் வைத்தால் டாஃப்னியாவின் கை ஓங்கலாம்.

லேபிளில் இல்லாத சைக்ளாப்ஸ் என்ற இன்னொரு நுண்ணுயிரி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டி வெட்டி நீந்தும், பெண்ணுக்கு வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். இது ரோட்டிஃபரையே பிடித்துத் தின்னும். ஒருமுறை இணைந்த பெண் விந்தைச் சேமித்துப் பலமுறை முட்டையிடும் என்பதால் ஒன்று தப்பினாலும் தொட்டி கெட்டது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, லென்ஸ் வைத்து, முதுகில் குட்டி சுமக்கும் ஒரே ஒரு மோய்னாவை டிராப்பரில் எடுங்கள். குளோரின் போன தண்ணீர்த் துளிகளில் இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவித் தனிக் கிண்ணத்தில் விடுங்கள். ஆண் தேவையில்லை. பெருகியதும் பத்து லிட்டர் தொட்டிக்கு மாற்றி, கால் கிராம் ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றலாம். தண்ணீர் தெளிந்த பிறகே அடுத்த வேளை. அவசரப்பட்டால் அழுகி ஆக்சிஜன் தீரும். தினம் மோய்னாவில் கால் பங்குக்கு மேல் அள்ள வேண்டாம்.

ரோட்டிஃபர் வேண்டுமென்றால் தனியாகவே வாங்குங்கள். அதற்கு வலை, மக், டிராப்பர் எல்லாம் வேறு. மோய்னா தொட்டியில் நனைத்த வலையை அதில் விடவே கூடாது.