முதல் ட்ரையத்லானுக்கு எந்த சைக்கிள்: ஐந்து படங்களும் அவற்றுக்கு என் பதிலும்

தம்பி வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பியிருந்தான். ஒன்று, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் மவுண்டன் பைக். இரண்டாவது, புது ஹைப்ரிட், அதாவது மவுண்டன் பைக்குக்கும் ரோடு பைக்குக்கும் நடுவிலான வகை. மூன்றாவது, வளைந்த ஹேண்டில்பாரோடு பளபளக்கும், விலை குறைந்த புது ‘ரேசர்’. நான்காவது, ஒருவர் விற்க வைத்திருக்கும் பழைய அலுமினிய ரோடு பைக். கீழே ஒரே வரி: “அக்கா, போட்டிக்கு இன்னும் பதினாலு வாரம். இதுல எதை எடுக்கட்டும்?” நான் பதில் எழுதி முடிப்பதற்குள் ஐந்தாவது படமும் வந்துவிட்டது. யாரோ ஓட்டிப் பழசாக்கிய ட்ரையத்லான் பைக். “இது இதுக்குன்னே செஞ்சதாமே!”

முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு சைக்கிள் தேடுகிற பலரும் ஏறக்குறைய இந்த ஐந்துக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அவன் ஓடப்போவது ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் மிதித்தால் அந்த 20 கி.மீ.க்கு ஏறக்குறைய 55 நிமிடம் பிடிக்கும். 25-ல் போனால் 48 நிமிடம், 28-ல் போனால் 43 நிமிடம். ஆக, சைக்கிளை மாற்றுவதால் புதிதாக வருகிறவருக்கு மிச்சமாவது ஐந்தாறு நிமிடம், மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு. முதுகு பிடித்துக்கொண்டு, தொடை இறுகிப்போய் இறங்கினால் அடுத்து வரும் 5 கி.மீ. ஓட்டத்திலேயே அந்த நிமிடங்கள் மொத்தமும் கரைந்துவிடும். அப்படி இறங்கி, ஓட வேண்டிய தூரத்தை நடந்தே முடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஐந்து படத்தையும் இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். இதில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு இறங்கி ஓட முடியுமா? பதினாலு வாரமும் விடியற்காலையில் இதை எடுத்துக்கொண்டு கிளம்ப மனசு வருமா?

வீட்டில் நிற்கும் மவுண்டன் பைக்கா, புது ஹைப்ரிட்டா

என் முதல் போட்டியை நான் மவுண்டன் பைக்கில்தான் முடித்தேன். முண்டும் முடிச்சுமான டயர். தார் ரோட்டில் அது போடும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் இன்னும் காதில் இருக்கிறது. டயரின் ஒவ்வொரு முண்டும் தரையில் மடங்கி நிமிரும்போது நம் காலின் உழைப்பைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஸ்பிரிங் வேறு. மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது நான் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பங்கு அது உள்ளே போய் வருவதிலேயே தீர்ந்துபோனது.

இரண்டுக்கும் அதிகச் செலவில்லாத வழி உண்டு. போர்க்கில் லாக் இருந்தால் பூட்டிவிட வேண்டும். டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான ஸ்லிக் டயர் போட வேண்டும். 26 இஞ்ச் சக்கரம் என்றால் 1.5 இஞ்ச் அகலத்தில் ஸ்லிக் கிடைக்கும். 29 இஞ்ச் என்றால் இன்னும் வசதி. அந்த ரிம்மும் ரோடு பைக்குகளின் 700சி ரிம்மும் ஒரே 622 மி.மீ. விட்டம்தான். ரிம்மின் அகலம் இடம் கொடுத்தால் 700×38 அல்லது 700×40 டயர் அப்படியே உட்காரும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று தாங்கும் என்று எழுதியிருக்கும், அந்த வரம்புக்குள் நன்றாகக் காற்றடித்தால் போதும். பழைய சைக்கிள்தானா இது என்று தோன்றும் அளவுக்கு உருளும்.

ஹைப்ரிட் இதைவிட ஒரு படி மேல். சக்கரம் 700சி, டயர் ஏற்கெனவே ஒல்லி, எடையும் பொதுவாகக் குறைவு. ஆனால் இரண்டிலுமே நேரான கைப்பிடியைப் பிடித்து, நெஞ்சை விரித்து நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.யை நெருங்கும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தக் காற்றையும் பெரும்பாலும் தடுப்பது ஓட்டுகிறவரின் உடம்பு, சைக்கிளின் பங்கு சிறியது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும், அதை மீறிப் போகத் தேவையான திறன் எட்டு மடங்காகும். எதிர்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தவருக்கு இந்தக் கணக்கைத் தொடையே சொல்லிவிடும்.

ஆகவே மவுண்டன் பைக் கையில் இருக்கிறவர், இந்த ஒரு போட்டிக்காக ஹைப்ரிட் வாங்க வேண்டியதில்லை. ஸ்லிக் டயரே அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அடைத்துவிடும். போட்டி முடிந்ததும் தினமும் வேலைக்குப் போக ஒரு சைக்கிள் வேண்டும் என்றால் ஹைப்ரிட் நல்ல வாங்கல்தான். அப்படி வாங்கினால், முன்னால் ஸ்பிரிங் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த ஸ்பிரிங் போர்க் எடையைக் கூட்டுவதைத் தவிர ரோட்டில் பெரிதாக எதையும் செய்வதில்லை.

புது ‘ரேசரா’, பழைய ரோடு பைக்கா

தம்பியின் மனசு மூன்றாவது படத்தில்தான் இருந்தது. புதுசு, கீறல் இல்லை, வாரன்டி உண்டு. தூரத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். படத்தைப் பெரிதாக்கி மூன்று இடத்தைப் பார்க்கச் சொன்னேன்.

முதலில், கியர் மாற்றும் லீவர் எங்கே இருக்கிறது? புதியதில் ஹேண்டில்பாரின் நடுவில், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குப் பக்கத்தில் இருந்தது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கையை பிரேக்கிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். பழையதில் பிரேக் லீவரே கியரையும் மாற்றும். ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1990-ல் கொண்டுவந்த அமைப்பு அது. என்னைக் கேட்டால் புதியவருக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இல்லை. திருப்பத்தில் வேகம் குறைத்து, திரும்பியவுடன் மேடு ஏற வேண்டிய இடத்தில், கையை எடுக்கப் பயந்து கனமான கியரிலேயே முக்கி மிதிப்பார்கள். முட்டி அப்படித்தான் கெடுகிறது.

அடுத்து, பின்சக்கரத்தின் பல்சக்கரங்கள். மிக விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் ஏழு பல்சக்கரங்கள் ஒரே கொத்தாக, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் திருகி மாட்டப்பட்டிருக்கும். இந்த வகையில் வலப்பக்க பேரிங், அச்சின் முனையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். தாங்கல் இல்லாத அந்த நீளத்தில்தான் அச்சு வளையும், சில சமயம் உடையும். பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கே வந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. பழைய ரோடு பைக்கின் கியரில் ஷிமானோ கிளாரிஸ் என்று எழுதியிருந்தால் பின்னால் 8 பல்சக்கரம், சோரா என்றால் பெரும்பாலும் 9, டியாக்ரா என்றால் பெரும்பாலும் 10. முதல் போட்டிக்கு எட்டே தாராளம். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய பல்சக்கரங்களின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். 50-34 என்றால் எந்தக் கவலையும் வேண்டாம். 53-39 என்றால் அது பந்தயக்காரருக்காக வைத்தது, பாதையில் மேடு இருந்தால் கால் தளர்ந்துபோகும்.

மூன்றாவது இடம் பிரேக். மலிவான பிரேக்கில் லீவரை அழுத்தும்போது பிரேக்கின் கையே வளைந்து கொடுக்கும், ரிம்மில் பிடி விழாது. நீந்திவிட்டு ஈரக் கையோடு ஏறி உட்காரும் விளையாட்டு இது. இந்த இடத்தில் நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

எடையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 3 கிலோ கூடுதல் என்பது மேட்டில் மூன்றரை சதவீதம். சமதளத்தில் அது உறைக்காது. அதை அத்துடன் விட்டுவிடலாம்.

பழசு என்றால் ஆபத்தும் உண்டு, மறுக்கவில்லை. அதனால் நேரில் போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நானும் தம்பியும் ஒரு 12 இஞ்ச் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனோம். செயினை இறுக்கமாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தைப் பிடித்தால், புது செயினில் இன்னொரு பின்னின் நடு சரியாக 12 இஞ்சில் வந்து நிற்கும். 1/16 இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 இஞ்ச் என்றால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், கேசட்டும் சேர்ந்து போகும். இவன் பார்த்த சைக்கிளில் 1/16ஐத் தொட்டிருந்தது. புது செயின் விலையைக் கழித்துக்கொள்ள விற்றவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினோம். ஹேண்டில்பார் பிரேமுக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியில் ‘டக் டக்’ என்று ஆட்டம் இல்லை. ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டை உரசும் பட்டையில் விரலை ஓட்டிப் பாருங்கள். குழிந்திருந்தால் அந்த ரிம்முக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அங்கிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தில், கழுத்தை ஒட்டி, பெயின்ட் சுருங்கியிருந்தால் முன்னால் மோதிய வண்டி, அதை விட்டுவிடுங்கள். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அசைக்காமல் விட்டால் உள்ளேயே இறுகிப்போயிருக்கும். மிகப் பழைய சைக்கிளில் சக்கரம் 27 இஞ்ச் என்றால் அது 630 மி.மீ. ரிம், இன்றைய 622 டயர் அதில் ஏறாது. பழைய கார்பன் பிரேம் முதல் வாங்கலுக்கு வேண்டாம், விரிசல் உள்ளே ஒளிந்திருக்கும். அலுமினியத்திலோ ஸ்டீலிலோ அடி பட்டிருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

“இதுக்குன்னே செஞ்ச” ட்ரையத்லான் பைக்

ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் 73 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்கும். ட்ரையத்லான் பைக்கில் 76, 78 டிகிரி என்று செங்குத்தாக ஏறும். இடுப்பு முன்னால் வந்து, முழங்கைகளை ஊன்றிப் படுத்தமாதிரி ஓட்டுவதற்கான அமைப்பு. காற்றில் அது நிஜமாகவே வேகமானது, சந்தேகமே இல்லை.

அந்தப் படுத்த நிலையில் கியர் லீவர்தான் கைக்குள் இருக்கும், பிரேக் வெளியே தனிக் கைப்பிடியில் இருக்கும். குறுக்கே யாராவது வந்தால் முழங்கையை எடுத்து, கையை மாற்றி, அப்புறம்தான் பிரேக். பக்கக்காற்றில் முன்சக்கரம் இழுக்கும். பழகினவர்களுக்கே மாதக்கணக்கில் ஆகும் காரியம். பதினாலு வாரத்தில் நீச்சலும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒருவனுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் இந்த வகை சைக்கிளுக்கு இடமே இல்லை. ஒட்டி ஓட்டத் தடை உள்ள போட்டிகளில் மட்டும்தான் ஓட்டலாம்.

ஆசை விடவில்லை என்றால், அடுத்த வருடம் அதே ரோடு பைக்கில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும், கழற்றி மாட்டும் ஏரோ கைப்பிடி போட்டுக்கொள்ளலாம். ட்ரையத்லான்காரர்கள் பயன்படுத்திவந்த அந்தக் கைப்பிடியோடுதான் 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் 24.5 கி.மீ. சைக்கிள் சுற்றில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் இறங்கினார். பிரெஞ்சு வீரர் லாரன்ட் பிக்னோனை மொத்தக் கணக்கில் 8 வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அளவு

பழைய ரோடு பைக்குக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அளவு சரியில்லை என்றால் இந்த ஒப்பீடே செல்லாது. அளவு பொருந்தாத ரோடு பைக்கைவிட, பொருந்துகிற மவுண்டன் பைக்கில் ஸ்லிக் டயர் போட்டு ஓட்டுவது எவ்வளவோ மேல். வெறுங்காலோடு சுவரோரம் நின்று கவட்டை உயரத்தை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். இரண்டு பெடல் கைகளையும் இணைத்துச் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய அவ்வளவு உயரம். ஆரம்பத்துக்கு இது போதும், பிறகு உடம்பு சொல்வதைக் கேட்டு மில்லிமீட்டர் கணக்கில் மாற்றலாம். சீட் உயரம் எந்த பிரேமிலும் ஏறி இறங்கும். ஹேண்டில்பார் வரைக்குமான எட்டம்தான் மாற்றக் கடினம், ஸ்டெம்மைச் சுருக்கினாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் கிடைக்கும்.

மிச்சப் பணத்தில் ஹெல்மெட், புது டயர், உபரி ட்யூப், டயர் லீவர், சின்ன பம்ப். ஹெல்மெட்டின் பக்கிளைப் போட்ட பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளையே தொட வேண்டும், விதி அப்படி. ஹேண்டில்பாரின் இரண்டு முனையும் அடைத்திருக்க வேண்டும். அடைப்பான் தொலைந்துபோன பழைய சைக்கிளைப் போட்டிக்கு முன் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். காலணியை மாட்டும் பெடல் இப்போது வேண்டாம். சாதாரண பெடல் இருந்தால் ஓடுகிற ஷூவோடே மிதித்து, அதோடே இறங்கி ஓடலாம்.

தம்பி நாலாவது படத்தில் இருந்ததை எடுத்தான். முன்சொந்தக்காரர் அவனைவிடக் கொஞ்சம் உயரம், ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் குறைத்தோம். முதல் இரண்டு வாரம் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைத் தொடவே பயந்தான், தண்ணீர் குடிக்க ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றி நின்றான். இன்று காலை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன், கீழே குனிந்து பார்க்காமலே பாட்டிலை உருவி, இரண்டு மிடறு குடித்துவிட்டு, திரும்பச் செருகினான். சைக்கிள் கோடு போட்டமாதிரி நேராகவே போயிற்று.