மண் ஈரம் பார்க்கும் மீட்டர்: வாங்கலாம், ஆனால் எண்ணை நம்ப வேண்டாம்

இரண்டு உலோகக் கம்பி, மேலே 1 முதல் 10 வரை எண் போட்ட முகப்பு, பேட்டரி கிடையாது. தொட்டி மண்ணில் குத்தினால் முள் நகரும். சிவப்பில் நின்றால் காய்ந்திருக்கிறது, பச்சையில் நின்றால் ஈரம் அளவாக இருக்கிறது, நீலத்தில் நின்றால் ஈரம் அதிகம். பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் இது அளப்பது தண்ணீரை அல்ல. கம்பிகள் வேறு வேறு உலோகம், நடுவில் ஈர மண் வந்ததும் துளி மின்சாரம் உண்டாகிறது, முள்ளை நகர்த்துவது அதுதான். மண்ணில் உப்பு கூடினால் மின்சாரமும் கூடும், அதனால் உரம் போட்ட தொட்டியில் இல்லாத ஈரத்தையும் காட்டும். காய்ச்சி வடித்த சுத்தமான நீருக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள், முள் அவ்வளவாக நகராது. தண்ணீரையே காய்ந்தது என்று சொல்லும் கருவி! கற்றாழை, கள்ளி வகைகளுக்குப் போடும் பருமணல் கலவையிலும் கம்பி சரியாக ஒட்டாமல் பொய்தான் சொல்லும்.

அப்படியென்றால் எதற்கு வாங்க வேண்டும்? ஆழம் பார்க்க. விரலை விட்டால் மேலே இரண்டு அங்குலம் தெரியும், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஒரு ஈர அடுக்கு தங்கும் (கீழே ஜல்லி போட்டால் சரியாகும் என்பது வீண் நம்பிக்கை, அந்த அடுக்கு இன்னும் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வரும்). மேலே காய்ந்து அடியில் நீலம் காட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேருக்குக் காற்றும் வேண்டும், அது கிடைக்காமல் அழுக ஆரம்பித்தால் இலை வாடும், வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், கதை முடிந்தது.

தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறவர்களுக்கு இது வேறு விதமாக உதவும். மேலே பச்சை, நடுவில் சிவப்பு என்று வந்தால் தண்ணீர் கீழே போகவே இல்லை, வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடித்துளை வழியாக வடியும் வரை ஒரே தடவையாக ஊற்றி, மேல்மண் காய்ந்து, அடியிலும் நீலம் போன பிறகே அடுத்தது. ஒரு விஷயம், ரொம்பக் காய்ந்த கலவை சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும், ஊற்றிய தண்ணீர் அந்த வழியே இறங்கி வெளியே வந்துவிடும், நாமும் நன்றாக நனைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நடுவில் குத்திப் பார்த்தால் இன்னும் சிவப்பு. தொட்டியைத் தண்ணீர் உள்ள தட்டில் அரை மணி நேரம் வைத்தால் கீழிருந்து ஊறிவிடும், அப்புறம் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. கம்பி மெல்லியது, இறுகிய மண்ணில் அழுத்தினால் வளையும். மண்ணிலேயே விட்டுவைத்தால் அரித்துப்போகும், எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் வேர் அறுபடும். அமிலத்தன்மை, வெளிச்சம் எல்லாம் சேர்த்துப் பார்க்கலாம் என்று வரும் மூன்று-வசதி மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்த அமிலத்தன்மை அளவு நம்பும்படி இல்லை.

சின்னத் தொட்டிகள் மட்டும் வைத்திருந்தால் இது தேவையே இல்லை, தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரிந்துவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி உள்ளவர்கள் வாங்கலாம். என் மதிப்பெண் 5க்கு 3.